கார் இறக்குமதி வரி: சுமை யார் தலையில்?

2025 ஏப்ரல் 3 முதல் அமெரிக்கா இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி விதித்தது. அப்படியானால் கார் விலையும் 25 சதவீதம் ஏறுமே என்று நம்மில் பலர் கணக்குப் போட்டோம். அது சரியன்று. வரி, துறைமுகத்தில் காட்டும் மதிப்பின் மீதுதான். கடை விலை மீதல்ல. உதாரணமாக, 20,000 டாலர் மதிப்புக்குக் கூடுதல் வரி 5,000. அந்தக் கார் கடையில் 25,000 டாலருக்கு விற்றுவந்தால், வரி முழுவதையும் ஏற்றினாலும் உயர்வு 20 சதவீதமே.

உள்நாட்டுக் காரும் தப்பவில்லை. இறக்குமதி உதிரி பாகங்களுக்கும் மே 3 முதல் வரி வந்தது. ஹூண்டாய் நிறுவனமோ ஜூன் 2 வரை பட்டியல் விலையை உயர்த்துவதில்லை என்று அறிவித்தது. பழைய சரக்கு கையிருப்பில் உள்ளவரை இது முடியும். தீர்ந்த பிறகு? பாமாயில் வரி ஏறும்போது நாம் படும் பாடுதான்!