டி.சி.எக்ஸ். கொடி ஏற்றாது!

மைக்ரோப்ராசசருக்குள் கொடிகள் உண்டு என்றால் நம்புவீர்களா? கட்சிக் கொடி இல்லை ஸார், ஃப்ளாக்! ஒரு கணக்கு முடிந்ததும் விடை பூஜ்யமா, நெகட்டிவா, கையில் ஏதாவது மிச்சமா என்று சொல்லும் ஒற்றை பிட்டுகள். 1976-ல் வந்த இன்டெல் 8085-ல் இப்படி ஐந்து. நம்மூர் இன்ஜினீயரிங் காலேஜ், பாலிடெக்னிக் லேப்களில் பல செட் பையன்கள் அசெம்ப்ளி பழகியது இதில்தான்.

ஒரு பிராக்டிகல் பரீட்சையில் நான் பார்த்தது. எல்.ஈ.டி. விளக்கு விட்டு விட்டு எரிய வேண்டும். நடுவே கொஞ்சம் தாமதம் வேண்டுமே! பையன் ஒரு பெரிய எண்ணை பி-சி ரிஜிஸ்டர் ஜோடியில் போட்டு, டி.சி.எக்ஸ். கட்டளையால் ஒவ்வொன்றாகக் குறைத்து, 'பூஜ்யம் ஆகும்வரை சுற்று' என்று ஜே.என்.இஸட். எழுதியிருந்தான். எரிந்த விளக்கு எரிந்தபடியே நின்றது.

''கிட் அவுட் சார், வேற குடுங்க!''

அடுத்த கிட்டிலும் அதே கதை. முக்கால் மணி நேரம் காலி. பையன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ வாய் துறுதுறுத்தது. பரீட்சையில் சொல்லக் கூடாதே!

கிட்டில் கோளாறே இல்லை. டி.சி.எக்ஸ். 65,535-லிருந்து பூஜ்யம் வரை இறங்கினாலும் அந்த ஐந்து கொடிகளில் ஒன்றைக்கூடத் தொடாது. ஜே.என்.இஸட். பார்ப்பது, முன்பு எப்போதோ நடந்த கணக்கின் கொடியை! அது இறங்கியிருந்தால் முடிவில்லாத சுற்று. ஏறியிருந்தால் முதல் சுற்றிலேயே வெளியே.

ஏன் இந்த ஓரவஞ்சனை? கொடி ஏற்றுவது ஏ.எல்.யூ. என்கிற அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். 16 பிட் ஜோடியில் ஒன்றைக் கூட்டுவதும் குறைப்பதுமோ, முகவரிகளை நகர்த்துவதற்கென்றே இருக்கும் தனி சர்க்யூட். ஃபைலை அடுத்த மேஜைக்குக் கொண்டுபோகும் பியூன் லெட்ஜரில் என்ட்ரி போடுவாரா?

வைத்தியம் இரண்டே வரி. பி-யை ஏ-யில் எடுத்து, சி-யோடு ஓ.ஆர்.ஏ. செய்ய வேண்டும். இரண்டும் பூஜ்யமானால்தான் ஜீரோ கொடி ஏறும். கட்டளைப் பட்டியலில் 'கொடிகள்: எதுவுமில்லை' என்பதைக் கடைசிப் பத்து நிமிஷத்தில் பையனே கண்டுபிடித்துவிட்டான். விளக்கு கண் சிமிட்டியது. நானும் மூச்சு விட்டேன்.

இந்தக் குணத்தில் லாபமும் உண்டு. பெரிய எண்களை எட்டெட்டு பிட்டாகக் கூட்டும்போது, 'கையில் ஒன்று' கேரி கொடியில் காத்திருக்கும். நடுவில் ஐ.என்.எக்ஸ். போட்டு அடுத்த முகவரிக்குப் போகலாம், டி.சி.ஆர். போட்டு சுற்றுகளை எண்ணலாம். இரண்டுமே கேரியைத் தொடாது. தொட்டால் கூட்டல் கோவிந்தா!

1978-ல் வந்த 8086-ல் பாதி திருந்தினார்கள். அதன் ஐ.என்.சி.யும் டி.இ.சி.யும் ஜீரோ கொடியை ஒழுங்காக மாற்றும். கேரியை மட்டும் இன்றைய வாரிசுகளில்கூடத் தொடுவதில்லை. எட்டு பிட் 255-ல் ஐ.என்.சி. போட்டுவிட்டு கேரிக்காகக் காத்திருக்காதீர்கள். வராது. ஏ.டி.டி. போட்டு ஒன்றைக் கூட்டுங்கள், வரும்!