செனான் கலைத்த விரதம்

நியானின் அணுக்கருவில் 10 புரோட்டான்கள். சோடியத்தின் அணுக்கருவிலோ 11. இந்த ஒற்றை வித்தியாசத்தினாலேயே, ஒன்று எந்தப் பொருளோடும் கூடாமல் விலகி நிற்பதும், மற்றொன்று தண்ணீரில் பட்ட மாத்திரத்தில் சீறிச் சுழன்று ஓடுவதுமாகிய இரு வேறு ஸ்வபாவங்கள் உண்டாகின்றன. சோடியத்தின் பதினோராவது எலெக்ட்ரான் மூன்றாம் சுற்றில் தனித்து நிற்பதால் அதைப் பிரிக்க 5.1 எலெக்ட்ரான் வோல்ட் சக்தியே போதும். வெளிச்சுற்றில் எட்டும் நிறைந்த நியானிடமிருந்து ஒன்றைப் பறிப்பதற்கோ 21.6 வேண்டியிருக்கிறது.

இந்த எட்டின் பூரணத்துவத்தில் ரசாயன சாஸ்திரிகள் வைத்த நம்பிக்கை நாளடைவில் ஒரு சித்தாந்தமாகவே இறுகிவிட்டது. மூலகங்களில் மிக உக்கிரமான ஃப்ளோரினை முதன்முதலில் பிரித்தெடுத்த முவாசான், 1895-இல் அதனை, நியானைப் போலவே எட்டும் நிறைந்த ஆர்கானோடு சேர்த்துப் பார்த்தும் பயன் விளையவில்லை. அதே இனத்தைச் சேர்ந்த செனான் ஃப்ளோரினோடு கூடக்கூடும் என்று 1933-இல் லைனஸ் பாலிங் கூறியிருந்தும், அதை நாடிச் செய்த சோதனை பலிக்காமற் போகவே, அந்த வாயுக்களுக்கு மந்த வாயுக்கள் என்ற பெயரே நிலைத்தது.

கனடாவின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலே பணிபுரிந்த நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்ஸாஃப்ளோரைடு என்னும் செந்நிற வாயு, தானே பிறவற்றின் எலெக்ட்ரானைப் பறிக்கும் ஆக்ஸிஜனிடமிருந்தே ஓர் எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்வதைக் கண்டறிந்திருந்தார். ஆக்ஸிஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான சக்தி ஏறக்குறைய 12 எலெக்ட்ரான் வோல்ட். செனானுக்கும் அநேகமாக அதே அளவுதான் என்பது பாடப்புத்தகங்களிலேயே அச்சாகி, எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்த செய்தி. அவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, ஆக்ஸிஜனைப் பணியவைத்தது செனானையும் பணியவைக்கும் அல்லவா என்று கேட்டதே அவருடைய மேதை என்பேன். நியானின் வெளிச்சுற்று இரண்டாவது, செனானுடையது ஐந்தாவது. அணுக்கருவிலிருந்து அத்தனை தூரத்தில், இடையே 46 எலெக்ட்ரான்கள் திரையிட்டு நிற்க, எட்டும் நிறைந்திருந்தும் அவற்றின் மீதுள்ள பிடி தளர்ந்தே இருக்கிறது.

1962 மார்ச் 23, வெள்ளிக்கிழமை மாலை. கண்ணாடிக் கருவியின் ஒரு பக்கத்தில் செந்நிற வாயு, மறுபக்கத்தில் நிறமற்ற செனான். நடுவிலிருந்த தடுப்பை உடைத்தவுடன், சூடேற்றாமலே, சாதாரண வெப்பநிலையிலேயே, இரண்டும் கூடி மஞ்சள் கலந்த செம்மை நிறத்தில் ஒரு திடப்பொருளாய்ப் படிந்தன. அச்சேர்க்கையின் அமைப்பு முதலில் எண்ணியதைவிடச் சிக்கலானது என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் செனான் கூடியது என்பதில் ஐயமில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஆர்கோன் (Argonne) தேசிய ஆய்வுக்கூடத்தார், செனானையும் ஃப்ளோரினையும் நேரடியாகச் சேர்த்து 400 டிகிரிக்குச் சூடேற்றி, செனான் டெட்ராஃப்ளோரைடை நிறமற்ற படிகங்களாகவே எடுத்துவிட்டனர்.