அழித்த பெயர் அழியவில்லை

எங்கள் மாவடிப்பள்ளியில் ஒரு ராத்தா இருக்கிறார். 1990இல் வயலுக்குப் போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எத்தனையோ இடங்களுக்கு மனுக் கொடுத்துவிட்டார். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவானபோது அதற்கும் ஒரு சத்தியக்கடதாசி தயாரித்தார். கடையொன்றில் தட்டச்சுச் செய்வித்து, பென்ட்ரைவில் கொண்டு வந்து, "இதக் கொஞ்சம் வாசிச்சிப் பாரு புள்ள" என்று என்னிடம் தந்தார்.

கணனியில் திறந்ததும் திடுக்கிட்டேன். பக்கமெல்லாம் சிவப்புக் கோடுகள். அவற்றுக்குள் வேறொரு பெண்ணின் பெயர், விலாசம், தன் மகனைக் கொண்டுபோனவர்கள் என்று அவர் சொன்ன ஆட்களின் பெயர்கள். அந்தப் பெண்ணின் கடதாசியின் மேலேயே ராத்தாவின் விபரங்களை அடித்திருக்கிறார்கள். அழித்த எழுத்தெல்லாம் கோப்புக்குள் அப்படியே கிடந்தது.

இது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. லெபனானின் முன்னாள் பிரதமர் ரபீக் ஹரீரியின் கொலை பற்றிய ஐ.நா. விசாரணை அறிக்கை 2005 ஒக்டோபரில் வெளியானது. இறுதி அறிக்கையில் நீக்கியிருந்த சந்தேக நபர்களின் பெயர்கள், கணனிக் கோப்பில் திருத்தங்களாக மறைந்திருந்தன. உலகமே அவற்றை வாசித்தது.

சாட்சி சொல்லும் பெண்ணுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆகவே சகோதரிகளே, இவற்றைக் கவனியுங்கள்:

• பிறருடைய கடதாசியின் மேல் அடிக்க விடாதீர்கள். புதிய வெற்றுப் பக்கத்தில் தொடங்கச் சொல்லுங்கள்.

• ஒவ்வொரு வரைவுக்கும் இலக்கமும் திகதியும் இடுங்கள். இறுதிப் பிரதியில் மட்டும், சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிடுங்கள். வேண்டாத அச்சுப் பிரதிகளை எரித்துவிடுங்கள்.

• கோப்பை அனுப்புமுன் அதன் பிரதியொன்றை எடுத்து, வேர்டில் 'பைல்', 'இன்ஃபோ' என்று போய் 'இன்ஸ்பெக்ட் டொக்கியூமன்ட்' மூலம் திருத்தங்கள், குறிப்புகள், எழுதியவர் பெயர் ஆகியவற்றை நீக்குங்கள்.

• பெயரின் மேல் கறுப்புப் பெட்டி வைத்தால் போதாது. அடியிலுள்ள எழுத்தைப் பிரதி எடுக்கலாம். எழுத்தையே நீக்க வேண்டும்.

• கைத்தொலைபேசிப் படத்தில் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். பிறருக்குக் கொடுக்கும் பிரதியில் இடத்தை நீக்குங்கள். மூலப் படத்தைத் தொடாமல் வைத்திருங்கள். அது நாளை சாட்சியாகலாம்.

• கடைக் கணனியிலும் அதன் குப்பைக்கூடையிலும் உங்கள் கோப்பை உங்கள் கண்முன்னே அழிக்கச் செய்யுங்கள்.

ராத்தாவின் கடதாசியைப் புதிதாக அடித்துக் கொடுத்தேன். பிறகு இருவரும் கடைக்குப் போய்ப் பழைய கோப்பை அழிப்பித்துவிட்டு, அந்தப் பெண்ணின் வீட்டையும் தேடிப் போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேற ஆரு பாத்திருப்பாங்க?" என்றார்.

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.