மழை பெய்தால் யாருக்கு நட்டம்?
ஈப்போ பந்தயத் திடலும் அதைத் தாங்கும் பணமும்

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு மழையின் கணக்கு நன்றாகத் தெரியும். விடியற்காலையில் வானம் இருண்டு மழை கொட்டினால் பால்மரம் வெட்ட முடியாது. பட்டை ஈரமாகிவிட்டால் பால் கோட்டில் இறங்காமல் மரத்தைச் சுற்றி வழிந்து வீணாகிவிடும். பெரட்டுக்கு வந்த ஆட்கள் லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அன்றைக்கு மரமும் இல்லை, அன்றைய வருமானமும் இல்லை.

இதே கணக்கு பேராக் மாநிலத்தில் இன்னோர் இடத்திலும் உண்டு. ஈப்போவில் ராஜா டிஹிலிர் சாலையில் இருக்கும் குதிரைப் பந்தயத் திடலில் மழை கனத்துப் பெய்தால் பந்தயம் நடக்காது. பந்தயம் நடக்காவிட்டால் பந்தயப் பணம் சேராது. பணம் சேராவிட்டால் பரிசு, சம்பளம், தீவனம், கடைசியில் அந்தத் திடலின் புல் என எல்லாமே கேள்விக்குறியாகிவிடும்.

"குதிரைப் பந்தயம் பணக்காரர் விளையாட்டு, அதைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் குதிரையைக் கழுவுபவரும், லாயத்தைக் கூட்டுபவரும், புல்லை வெட்டுபவரும் பணக்காரர்கள் அல்லர். பந்தயம் கட்டுபவர்களிலும் பலர் மாதச் சம்பளக்காரர்கள். ஆகவே இந்தத் தொழில் எப்படி நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

புல்லுக்குக் கீழே இருப்பது என்ன?

பார்வைக்கு அது ஒரு பச்சைத் திடல். உண்மையில் பந்தயத் தடம் என்பது அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட ஒன்று. மேலே புல். அதன் வேர் பிடிப்பதற்கு மணல் கலந்த மண். அதற்கும் கீழே தண்ணீர் வடிவதற்குச் சரளைக் கல்லும் வடிகால் குழாய்களும். இந்த அடுக்குகளில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் மேலேயே தேங்கிவிடும்.

ஒரு பந்தயக் குதிரையின் எடை சுமார் 500 கிலோ. அது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, ஒரு கணத்தில் முழு உடலையும் ஒற்றைக் கால் தாங்குகிறது. அந்தக் காலின் மேல் விழும் பாரம் குதிரையின் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தரை மிகவும் இறுகிக் கிடந்தால் அந்த அதிர்ச்சி நேரே எலும்பிலும் மூட்டிலும் இறங்கும். தரை சேறாக இருந்தால் குளம்பு புதைந்து, தசைநார் இழுபட்டு அறுந்துபோகும் அபாயம் உண்டு. ஓரிடம் இறுக்கமாகவும் அடுத்த இடம் இளகியும் இருந்தால் அது இன்னும் மோசம். குதிரை கால் தடுமாறினால் மேலே இருக்கும் சவாரிக்காரரின் உயிருக்கும் ஆபத்து.

அதனால்தான் பந்தயத்துக்கு முன் தடத்தின் நிலையை அறிவிக்கிறார்கள். நன்று, இளக்கம், மிருது, கனத்த தடம் என்று அதற்குப் படிகள் உண்டு. இதை அளக்க ஒரு கருவியும் இருக்கிறது. 1 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கம்பியின் மேல் விழவிட்டு, கம்பி மண்ணுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அதிகம் இறங்கினால் தரை இளகியிருக்கிறது என்று பொருள். பிரிட்டனில் தரையின் இறுக்கத்தோடு, புல் எவ்வளவு பிடிப்போடு இருக்கிறது என்பதையும் சேர்த்து அளக்கும் கோல் ஒன்று பயன்படுகிறது.

பந்தயம் கட்டுபவருக்கும் இந்த அறிவிப்பு முக்கியம். சில குதிரைகள் ஈரத் தடத்தில் நன்றாக ஓடும். சில குதிரைகள் காய்ந்த தடத்தில் மட்டுமே வேகம் காட்டும். தடத்தின் நிலையைச் சரியாகச் சொல்லாத பந்தயம், தராசைத் தட்டிவிட்டு எடை போடும் கடையைப் போன்றது.

கிந்தா பள்ளத்தாக்கின் மழை

ஈப்போ கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் பகுதி இது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். பந்தயம் நடக்கும் நேரமும் பெரும்பாலும் பிற்பகல்தான்.

குளிர் நாடுகளில் தூறலாக விழும் மழையைத் தாங்கும் தடம், ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் வெப்பமண்டல மழையைத் தாங்காது. இங்கே வடிகால் இரட்டிப்பு வேலை செய்ய வேண்டும். புல்லும் ஆண்டு முழுதும் வளர்வதால் அடிக்கடி வெட்ட வேண்டும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் குளம்பு பெயர்த்த குழிகளை மணலும் மண்ணும் இட்டு நிரப்ப வேண்டும். ஒரே பாதையில் குதிரைகள் ஓடி ஓடிப் புல் தேய்ந்துவிடாமல் இருக்க, உள்வேலியை அவ்வப்போது தள்ளிப் போட்டு ஓடுபாதையை மாற்றுவார்கள். இத்தனைக்கும் ஆள் வேண்டும், இயந்திரம் வேண்டும், மணல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

நுழைவுச் சீட்டில் வரும் பணம் இதற்குப் போதாது. பந்தயத் தொழிலின் முதுகெலும்பு 'டோட்' எனப்படும் பொதுத் தொட்டி முறைதான். மலேசியாவில் இதற்கென 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் டோட்டலைசேட்டர் வாரியம் இருக்கிறது.

அந்த முறையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு பந்தயத்தில் எல்லாரும் கட்டிய பணம் 100,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20,000 ரிங்கிட் முதலிலேயே பிடித்துக்கொள்ளப்படுகிறது. மீதி 80,000. வென்ற குதிரையின் மேல் கட்டப்பட்ட பணம் மொத்தம் 16,000 என்றால், ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் 5 ரிங்கிட் கிடைக்கும். எந்தக் குதிரை வென்றாலும் பிடித்தம் பிடித்தம்தான். அரசாங்க வரி, நிர்வாகச் செலவு, பரிசுத் தொகை, தடத்தின் பராமரிப்பு எல்லாம் அந்தப் பிடித்தத்திலிருந்துதான் வர வேண்டும்.

இதில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, பந்தயம் கட்டுபவர்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் எப்போதும் நட்டத்திலேயே இருப்பார்கள். 100 போட்டவர்களுக்கு 80தான் திரும்புகிறது என்றால், தொடர்ந்து விளையாடுகிறவன் கை காலியாவது தலைவிதி அல்ல, வெறும் கணக்கு. இரண்டு, தொட்டி சிறுத்தால் திடலும் சிறுக்கும்.

தொட்டி ஏன் சிறுக்கிறது? நம்பர் கடைகளில் குதிரையே இல்லாமல் நாலு எண்ணில் அதிர்ஷ்டம் பார்க்கலாம். கைத்தொலைபேசியில் உலகின் எந்த ஆட்டத்துக்கும் கள்ளத்தனமாகப் பணம் கட்டலாம். 1953ஆம் ஆண்டு பந்தயச் சட்டம் தடுத்திருந்தும் கள்ள புக்கிகள் ஒழியவில்லை. புக்கியிடம் போகும் பணத்திலிருந்து வரியும் கிடையாது, பரிசும் கிடையாது, ஒரு கூடை மணல்கூடத் தடத்துக்கு வராது.

அங்கே தொடங்குகிறது நச்சு வட்டம். வருமானம் குறைந்தால் பரிசு குறையும். பரிசு குறைந்தால் முதலாளிகள் குதிரை வாங்கமாட்டார்கள். குதிரை குறைந்தால் பந்தயத்தில் சுவை இருக்காது, கட்டுபவர்களும் குறைவார்கள். செலவைக் குறைக்கப் பார்க்கும் நிர்வாகத்துக்கு மண்ணுக்கடியில் இருக்கும் வடிகால் கண்ணில் படாது. அதைத் தள்ளிப்போட்டால் அடுத்த மழையில் பந்தயம் ரத்தாகும். அன்றைய வருமானமும் போகும்.

வெளிநாடுகள் என்ன செய்தன?

பிரிட்டன் 1961இல் ஒரு தீர்வு கண்டது. பந்தயப் பணம் வாங்கும் நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் ஒரு பகுதியைத் தொழிலுக்கே திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் போட்டு, அதற்கென வாரியம் அமைத்தது. 2017 முதல் இணைய நிறுவனங்களுக்கும் அந்தக் கடமை உண்டு. பிரிட்டன் பந்தயத்தில் கிடைக்கும் மொத்த லாபத்தில், ஒரு வரம்புக்கு மேற்பட்டதில், 10 விழுக்காடு. ஹாங்காங்கில் ஒரே கிளப்பின் கையில் பந்தயம் இருக்கிறது. அதன் உபரி தர்மப் பணிகளுக்குப் போகிறது.

அண்டை நாட்டுக் கதை வேறு. சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் 1843இல் தொடங்கியது. 2010இல் ஒரு பந்தய நாளுக்குச் சராசரி 11,000 பேர் வந்த இடத்தில், பெருந்தொற்றுக்குப் பிறகு சுமார் 2,600 பேர்தான் வந்தனர். 2023 ஜூன் மாதம் மூடுவிழா அறிவிக்கப்பட்டது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. நிலம் வீடமைப்புக்கும் பிற தேவைகளுக்கும் அரசிடம் திரும்புகிறது.

அடுத்து பினாங்கு. 1864இல் தோன்றிய அந்தக் கிளப்பைக் கலைத்துவிட உறுப்பினர்கள் 2024இல் முடிவெடுத்தனர். 2025 மே 31ஆம் நாள் அங்கும் கடைசிக் குதிரை ஓடி முடித்தது. மலாயா பந்தயச் சங்கத்தின் நான்கு கிளப்புகளில் அப்போது மிஞ்சியவை சிலாங்கூரும் பேராக்கும் மட்டுமே. இவற்றில் பேராக் கிளப் 1886இல் தோன்றியது. சிலாங்கூர் கிளப்போ கோலாலம்பூர் அம்பாங் சாலையில் இருந்த தன் பழைய திடலை விட்டு ஏற்கெனவே வெளியேறிவிட்டது. அந்தத் திடலில்தான் இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன.

தமிழ்நாட்டிலும் இதே நிலப் பிரச்சினைதான். கிண்டி பந்தயத் திடலின் 160 ஏக்கர் நிலம் 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு, ஆண்டுக்குச் சுமார் 614 ரூபாய் வாடகையில் கொடுக்கப்பட்டது. 1974இல் கலைஞர் ஆட்சி பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டமே என்று தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில், சுமார் 730 கோடி ரூபாய் வாடகை பாக்கி என்று கூறி அரசு குத்தகையை ரத்து செய்து திடலுக்கு முத்திரை வைத்தது. கிண்டியிலும் கிராஞ்சியிலும் அம்பாங் சாலையிலும் பந்தயத்தைவிட நிலத்தின் மதிப்பு பெரிதாகிவிட்டது.

லாயத்தில் இருப்பவர் கதி?

பேராக்கின் தோட்டத் தமிழர்களுக்கு இது புதிய கதை அல்ல. ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தில் பிறந்தவர்கள் நோட்டீசு வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். பந்தயத் திடல் மூடப்படும்போது 'சைஸ்' எனப்படும் குதிரைக்காரருக்கும் அதே நிலைதான். மலாயாப் பந்தய லாயங்களில் மலாய்க்காரர்களோடு இந்தியர்களும் தலைமுறையாகச் செய்துவந்த வேலை அது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. குதிரைக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் கிளப் அல்ல, குதிரைப் பயிற்சியாளர். பயிற்சியாளருக்குக் கொடுப்பது குதிரையின் முதலாளி. முதலாளி குதிரையை விற்றுவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். ஆகவே தம் முதலாளி யார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வைத்திருப்பது அவசியம். சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். சந்தா, பெர்கேசோ பதிவு ஆகிய மூன்றும்தான் பின்னாளில் பேசும்.

தீபகற்பத்தில் 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆட்குறைப்பு செய்யப்படும் தகுதியுள்ள தொழிலாளிக்கு, சேவை 2 ஆண்டுக்குக் குறைவென்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளமும், 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாளும், 5 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 20 நாளும் இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். நோட்டீசு காலம் முறையே 4, 6, 8 வாரங்கள். தோட்டம் கைமாறியபோது இந்த விதியை அறியாமல் ஏமாந்த குடும்பங்கள் ஏராளம். லாயத்தில் இருப்பவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டியதில்லை. 2018 முதல் பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டமும் இருக்கிறது. வேலை இழந்த 60 நாட்களுக்குள் மனு செய்ய வேண்டும்.

பத்து ரிங்கிட்டின் இரண்டு வழிகள்

பந்தயத்தை ஆதரிப்பவர்கள் வேலைவாய்ப்பைச் சொல்கிறார்கள். எதிர்ப்பவர்கள் சீரழிந்த குடும்பங்களைக் காட்டுகிறார்கள். இரண்டும் உண்மைதான். சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரைப் படித்த சமுதாயத்துக்கு இரண்டாவது வாதத்தை விளக்கத் தேவையில்லை. ஆனால் திடலை மூடிவிட்டால் சூதாட்டம் ஒழிந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. கணக்குக் காட்டும் தொட்டி மறைந்து, கணக்கே இல்லாத தொட்டி பெருக்கும். மூடுவதானால் தொழிலாளியின் இழப்பீடும், குதிரைகளின் எஞ்சிய வாழ்வும் முதலில் தீர்மானிக்கப்பட வேண்டும். நடத்துவதானால் பிடித்தத்தில் எவ்வளவு தடத்துக்கும் லாயத்துக்கும் போகிறது என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும்.

சிறு பணம் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பேராக்கிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் பத்துப் பத்து ரிங்கிட்டாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்களுக்குச் சொந்தமாயிற்று. அதுவும் ஒரு பொதுத் தொட்டிதான். ஆனால் அந்தத் தொட்டியில் விழுந்த பணம் நிலமாக நின்றது. சம்பள நாளன்று கையில் இருக்கும் பத்து ரிங்கிட் எந்தத் தொட்டிக்குப் போகிறது என்பதை எந்த வாரியமும் தீர்மானிக்க முடியாது. அது அந்தந்த வீட்டில்தான் தீர்மானமாகிறது.