ஐந்து பேரரசர்களின் முத்திரை. ஏடு மட்டும் லண்டனில்!

புதுதில்லி: பழைய கோட்டை எனப்படும் புராணா கிலாவுக்குள் சிவப்புக் கல்லால் ஆன எண்கோணக் கட்டடம் ஒன்று நிற்கிறது. ஷேர் மண்டல் என்பது அதன் பெயர். முகலாயப் பேரரசர் ஹுமாயூன் இதைத் தமது நூலகமாகப் பயன்படுத்தி வந்தார். 1556 ஜனவரியில் இதன் படிகளில் தவறி விழுந்த அவர், சில நாள்களில் உயிரிழந்தார். கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருவோர் அந்தப் படிகளைப் பற்றி விசாரிக்கின்றனர். அங்கிருந்த நூல்கள் எங்கே போயின என்று கேட்போர் மிகச் சிலரே.

ஹுமாயூனின் முத்திரை பதித்த நூல் ஒன்று இன்றும் இருக்கிறது. ஆனால் தில்லியில் இல்லை. பாரசீகக் காவியமான ஷாநாமாவின் ஓவியப் பிரதி அது. தைமூரின் பேரன் முகமது ஜூகிக்காக, இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள ஹெராத் நகரில் 1440-களில் உருவாக்கப்பட்டது. பாபர், ஹுமாயூன், ஜஹாங்கீர், ஷாஜஹான், ஔரங்கசீப் ஆகிய ஐவரின் முத்திரைகளும் அதில் உள்ளன. தலைமுறை தலைமுறையாக முகலாய அரண்மனை நூலகத்தில் பாதுகாக்கப்பட்ட அந்த நூல், இப்போது லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் சொத்து.

அரசருக்கு அடையாளம்

பிர்தௌசி என்ற கவிஞர் கி.பி. 1010-ஆம் ஆண்டுவாக்கில் நிறைவு செய்த காவியம் ஷாநாமா. "அரசர்களின் நூல்' என்பது பொருள். சுமார் 50 ஆயிரம் ஈரடிச் செய்யுள்களில், ஈரானின் புராண கால மன்னர்கள் தொடங்கி அரபுப் படையெடுப்பு வரையிலான வரலாற்றைச் சொல்கிறது. போர்க்களத்தில் எதிரே நிற்பவன் தன் மகன் சொராப் என்று அறியாமல் அவனைக் கொன்றுவிடும் மாவீரன் ருஸ்தமின் கதை இக்காவியத்தில் வருவதுதான்.

தமிழகத்தில் ராமாயண, மகாபாரதக் காட்சிகளைக் கோயில் தூண்களிலும் சுவர்களிலும் காண்கிறோம். பாரசீகத்தில் காவியக் காட்சிகள் பெரிதும் இடம்பெற்றது நூலின் பக்கங்களில். ஷாநாமாவின் ஓவியப் பிரதி ஒன்றைத் தம் பெயரால் உருவாக்குவது, தமது ஆட்சியுரிமைக்கு அடையாளம் என்று மன்னர்கள் கருதினர். முதலில் எழுத்துக் கலைஞர், ஓவியத்துக்கு இடம் விட்டுச் செய்யுள்களை எழுதுவார். பின்னர் ஓவியர் கோடு வரைந்து வண்ணம் தீட்டுவார். நீலத்துக்கு லாபிஸ் லசூலி என்ற கல்லை அரைத்துச் சேர்ப்பதும், பொன் துகளைக் குழைத்துப் பூசுவதும் வழக்கம். ஒரு நூல் முடிய ஆண்டுகள் பல ஆகும். அரச கருவூலத்தின் துணையின்றி இது நடக்காது.

தில்லிக்கு வந்த கலை

இக்கலை இந்தியாவில் வேரூன்றியதற்கும் ஹுமாயூனே காரணம். ஷேர் ஷாவிடம் ஆட்சியை இழந்த அவர், 1544-ல் பாரசீக மன்னர் ஷா தமாஸ்ப்பிடம் அடைக்கலம் புகுந்தார். தமாஸ்ப்பின் ஓவியக் கூடத்தில்தான் 258 ஓவியங்களைக் கொண்ட புகழ்பெற்ற ஷாநாமா உருவானது. அதில் பணியாற்றிய மீர் முசவ்விர் என்ற ஓவியரின் மகன் மீர் சையத் அலி. அவரும் அப்துஸ் சமத் என்ற மற்றோர் ஓவியரும் 1549-ல் காபூலில் ஹுமாயூனிடம் வந்து சேர்ந்தனர். 1555-ல் ஹுமாயூன் மீண்டும் தில்லியைக் கைப்பற்றியபோது அக்கலையும் உடன் வந்தது.

அக்பர் காலத்தில் இவ்விருவரின் மேற்பார்வையில் ஹம்சாநாமா என்ற வீரக்கதைக்கு ஏறத்தாழ 1,400 ஓவியங்கள் தீட்டப்பட்டன. பருத்தித் துணியில் வரையப்பட்ட இந்தப் பெரிய ஓவியங்களை முடிக்கச் சுமார் 15 ஆண்டுகள் ஆயின. பாரசீக ஓவியர்களுடன் இந்திய ஓவியர்களும் அமர்ந்து வேலை செய்ததால் முகலாய பாணி என்ற புதிய பாணியே பிறந்தது. 1582-ல் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்க அக்பர் ஆணையிட்டார். ரஸ்ம்நாமா என்ற அந்த நூலின் அரண்மனைப் பிரதிக்கு தஸ்வந்த், பஸாவன் போன்ற ஓவியர்கள் படம் வரைந்தனர். அதாவது, ருஸ்தமை வரையக் கற்பித்த கலை, அர்ச்சுனனையும் கண்ணனையும் வரைந்தது.

சிதறிய ஏடுகள்

ஹம்சாநாமாவின் 1,400 ஓவியங்களில் இன்று எஞ்சியிருப்பவை 200-க்கும் குறைவு. அவற்றில் 60 வியன்னாவில் உள்ளன. காஷ்மீரில் 1881-ல் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் சில ஓவியங்களைக் கண்டெடுத்தபோது, அவற்றுள் சில குளிரைத் தடுக்க ஜன்னல்களில் பொருத்தப்பட்டிருந்தன. அவை இப்போது லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1739-ல் நாதிர் ஷாவின் சூறையாடலையும் 1857-ஐயும் தாண்டி எஞ்சிய தில்லி அரண்மனை நூல்கள் லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பிரிட்டிஷ் நூலகத்தில் "தில்லித் தொகுப்பு' என்ற பெயரிலேயே வைக்கப்பட்டுள்ளன.

வெளிநாட்டில் இருந்தால் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. தமாஸ்ப்பின் ஷாநாமாவை 1959-ல் வாங்கிய அமெரிக்கச் செல்வந்தர் ஆர்தர் ஹௌட்டன், அதைத் தனித்தனி ஏடுகளாகப் பிரித்தார். 78 ஓவியங்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. வேறு பல, ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. எஞ்சிய 118 ஓவியங்களை, வில்லெம் டி கூனிங்கின் நவீன ஓவியம் ஒன்றைக் கொடுத்து 1994-ல் ஈரான் பெற்றுக் கொண்டது. பிரிந்துபோன ஏடுகளில் ஒன்று மட்டும் 2022 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. முழு நூலைவிடத் தனி ஏடுகளுக்குச் சந்தை அதிகம் என்பதே இத்தகைய நூல்களுக்கு நேர்ந்துள்ள ஆபத்து.

சட்டம் என்ன செய்யும்?

தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தை நாடாளுமன்றம் 1972-ல் நிறைவேற்றியது. 1976-ல் அது நடைமுறைக்கு வந்தது. வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 75 ஆண்டுகள் பழமையானதாக இருந்தாலே அது தொல்பொருள். மத்திய அரசோ, அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ தவிர வேறு எவரும் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால், காலனி ஆட்சிக் காலத்தில் வெளியேறியவற்றை மீட்க இச்சட்டம் உதவாது. இந்தியா 1977-ல் ஏற்ற யுனெஸ்கோ உடன்படிக்கையும் பழைய காலத்துக்குப் பொருந்தாது. ஷாஜஹானின் வரலாறான பாதுஷாநாமா, 1997-ல் தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு பிரிட்டிஷ் அரண்மனையிலிருந்து விருந்தாளியாக வந்து, கண்காட்சி முடிந்ததும் திரும்பிச் சென்றது குறிப்பிடத்தக்கது.

இங்கே எஞ்சியிருப்பவையும் குறைவல்ல. பாட்னாவின் குதா பக்ஷ் நூலகத்தை 1969-லும், ராம்பூர் ரஸா நூலகத்தை 1975-லும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களாக நாடாளுமன்றம் சட்டமியற்றி அறிவித்தது. இரண்டிலும் ஓவியங்களுடன் கூடிய பாரசீகச் சுவடிகள் உள்ளன. குதா பக்ஷ் நூலகத்தின் தைமூர் வம்ச வரலாற்று நூல், 2011-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் ஓலைச்சுவடிகளோடு பாரசீகச் சுவடிகளும் இருக்கின்றன.

ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்து, ஆவணப்படுத்திப் பாதுகாக்கும் ஞான பாரதம் இயக்கத்தை 2025-26 நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு அறிவித்தது. அருங்காட்சியகங்கள், நூலகங்களோடு தனியார் சேகரிப்பாளர்களிடம் உள்ள சுவடிகளையும் அது உள்ளடக்கும். 2020-ம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை, தமிழ், சம்ஸ்கிருதம் ஆகியவற்றோடு பாரசீகத்தையும் செம்மொழிகளின் வரிசையில் குறிப்பிடுகிறது. அந்த வரிகள் நடைமுறைக்கு வருமா என்பதே கேள்வி. சுவடியைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுவதற்கு இயந்திரம் போதும். அது எந்த நூல், எந்தக் காட்சி, யார் கைப்பட்டது என்று சொல்ல அந்த மொழியைப் படித்தவர் வேண்டும். ஓலைச்சுவடியைப் படிக்கத் தெரிந்தோர் குறைந்துவருவதை அறிந்த தமிழர்களுக்கு இது புதிய கவலையல்ல.

மகனின் கையில் கட்டியிருந்த காப்பை ருஸ்தம் கண்டது, வாள் பாய்ந்த பிறகுதான். அடையாளம் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. பெயர் தெரியாமல் பெட்டிகளில் கிடக்கும் சுவடிகள் விஷயத்தில் அந்தத் தாமதம் நேராமல் பார்த்துக் கொள்வது, லண்டனிலிருந்து எதையும் மீட்பதைவிட எளிது. அது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.