பின்னாடி வந்ததா, அதனால வந்ததா?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். நான் முடித்து அனுப்பிய சார்ட் ஒன்றை ஆடிட்டர் திருப்பிவிட்டார். பெருங்குடியில் எங்கள் தளத்துக்குள் செல்போன், பேனா, துண்டுக் காகிதம் எதற்கும் அனுமதி இல்லை. எழுதிக்காட்ட வழியில்லாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்: "ஏம்மா, டாக்டர் 'போஸ்ட் ஆப் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர்'னு எழுதியிருக்கார். பின்னாடி வந்துதுன்னு சொல்றாரா, அதனால வந்துதுன்னு சொல்றாரா?"

நான் மெடிக்கல் கோடர். அமெரிக்க மருத்துவமனைகளின் உள்நோயாளிக் குறிப்புகளைப் படித்து, நோய்களுக்கு ஐ.சி.டி.-10 எண் போடுவது என் வேலை. அறுவை சிகிச்சையால் திடீரெனச் சுவாசம் செயலிழந்தால் ஜே95.821. அறுவைக்குத் தொடர்பில்லாமல், பழைய நுரையீரல் நோய் முற்றி ஆக்சிஜன் சரிந்தால் ஜே96.01. அந்த நோயாளி பல வருஷம் புகைபிடித்தவர். நானோ 'போஸ்ட் ஆப்' என்ற சொல்லைக் கண்டதும் முதல் எண்ணைப் போட்டுவிட்டேன். அறுவையோடு தொடர்பு உண்டா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், தெளிவில்லாவிட்டால் கேட்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் வேற்றுமை உருபு 'ஆல்' என்று ஒப்பித்ததற்கு அன்றைக்குத்தான் அர்த்தம் புரிந்தது.

ஓர் எண்ணுக்கு ஏன் இத்தனை பாடு? முதல் காரணம் பணம். முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு மெடிகேர். அது 1983 முதல் உள்நோயாளிகளுக்கு ஊசி, மாத்திரை வாரியாகக் கணக்குப் பார்ப்பதில்லை. நம் கல்யாணச் சமையலில் இலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வோமே, அதுபோல நோய்க் குழுவுக்கு ஒரு தொகை. எத்தனை முறை சாம்பார் ஊற்றினாலும் விலை அதேதான். கடுமையான துணைநோய் சேர்ந்தால்தான் பல குழுக்களில் இலை விலை ஏறும். திடீர்ச் சுவாசச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இரண்டாவது காரணம் தரக் கணக்கு. திட்டமிட்ட அறுவைக்கு வந்த பெரியவர்களில் எத்தனை பேருக்கு அதன்பின் சுவாசம் செயலிழந்தது என்று எண்ணும் அளவுகோலுக்கு பி.எஸ்.ஐ.-11 என்று பெயர். இங்கே 'ஆல்' எடுபடாது. சேரும்போது இல்லாதது பிறகு வந்திருந்தால், சில விலக்குகள் போக, எந்த எண்ணாக இருந்தாலும் கணக்கில் ஏறும். அதற்காகவே ஒவ்வொரு நோய்க்கும் 'சேரும்போதே இருந்ததா' என்ற குறியும் போடுகிறோம். இதுபோன்ற அளவுகளையும் தொற்றுக் கணக்கையும் கூட்டிப் பார்த்து, மோசமான கால்பங்கு மருத்துவமனைகளுக்கு மெடிகேர் தொகையில் 1 சதவீதம் வெட்டுகிறார்கள். 2014 அக்டோபரிலிருந்து இதுதான் நடைமுறை. ஆக, ஒரே சொல் பில்லை ஏற்றும், மதிப்பெண்ணை இறக்கும்.

சமீபத்தில் ஒரு குடல் அறுவை சார்ட். நோயாளி இரவு முழுக்க வென்டிலேட்டரில் இருந்திருக்கிறார். காலைக் குறிப்பில் 'அக்யூட் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர்'. அடுத்த மூன்று நாளும் அதே வரி, ஒரு காற்புள்ளிகூட மாறாமல். முதல் நாள் குறிப்பை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். ரத்த வாயுப் பரிசோதனையைத் திறந்தேன். 40 சதவீத ஆக்சிஜன் கொடுத்தபோது ரத்தத்தில் அதன் அழுத்தம் 160. 40 சதவீதத்தால், அதாவது 0.4ஆல், வகுத்தால் 400. 300க்குக் கீழே போனால்தான் சந்தேகம் வரும். மயக்க மருத்துவரோ, நீண்ட அறுவை என்பதால் காலைவரை குழாய் இருக்கட்டும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்.

டாக்டருக்குக் குவெரி அனுப்பினோம். அதில் 'செயலிழப்பு இல்லைதானே?' என்று வாயில் வார்த்தையைப் போடக் கூடாது. பணத்தைப் பற்றியோ மதிப்பெண்ணைப் பற்றியோ மூச்சு விடக் கூடாது. அளவுகளை அடுக்கிவிட்டு, சுவாசச் செயலிழப்பு, திட்டமிட்ட வென்டிலேட்டர் உதவி, வேறு, தீர்மானிக்க இயலவில்லை என்று வாய்ப்புகள் தருவோம். திட்டமிட்ட உதவிதான் என்று பதில் வந்தது. எண்ணை நீக்கினேன்.

தலைகீழாகவும் நடக்கும். நோயாளி மூச்சுத் திணறி மறுபடி குழாய் போடும் நிலைக்குப் போயிருப்பார். குறிப்பில் 'ஆக்சிஜன் சற்றுக் குறைந்தது' என்று மட்டும் இருக்கும். அதற்கும் குவெரி உண்டு. டாக்டர் மழுப்பினாலும் தப்ப முடியாது. அறுவைக்கு மறுநாளோ அதற்குப் பிறகோ குழாய் போட்டதற்கான செயல்முறை எண்ணே பி.எஸ்.ஐ.-11இல் ஏற்றிவிடும்.

பேர், ஊர் சொல்லாமல் குடல் அறுவைக் கதையை அம்மாவிடம் சொன்னேன். அழுத்தம், வகுத்தல், குவெரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், "அது சரி, அந்த மனுஷன் என்ன ஆனார்?" என்றார்.

"கடைசிக் கட்டத்துல 01 போட்டேம்மா."

"அப்படின்னா?"

"வீட்டுக்குப் போயிட்டார்னு அர்த்தம்."