நண்டை அவித்தால் எந்த அத்தியாயம்?

மட்டக்களப்பு வாவியில் பிடித்த களி நண்டை ஓட்டோடு தண்ணீரில் அவித்து வெளிநாட்டுக்கு அனுப்பினால், சுங்கப் புத்தகத்தில் அதற்கு மூன்றாம் அத்தியாயத்தில் இடம். மீன், இறால், கணவாய் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதே நண்டின் ஓட்டை உடைத்து, சதையை எடுத்து அவித்து டின்னில் அடைத்தால் அது பதினாறாம் அத்தியாயத்துக்குப் போய்விடும். 0306 என்று தொடங்கிய இலக்கம் 1605 ஆகிவிடும். வாங்குகிற நாடு இரண்டுக்கும் ஒரே தீர்வை போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. வாவியில் பிடிபட்ட நண்டு ஒன்றுதான். கடல் கடந்து போய் இறங்கும்போது அதற்கு விழும் வரியை அந்த இலக்கம் தீர்மானிக்கிறது.

கொழும்புத் துறைமுகத்தில் பொருள் இறக்கித் தரும் வார்ஃப் கிளார்க்குகள் இதை 'எச்.எஸ். கோட்' என்பார்கள்; எச்.எஸ். என்பது 'ஹார்மனைஸ்ட் சிஸ்டம்' என்பதன் சுருக்கம். 1983 ஜூன் 14 அன்று பிரசல்ஸில் கையெழுத்தான ஓர் உடன்படிக்கையில் பிறந்த முறை இது. 1988 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. உலகச் சுங்க அமைப்பு இதைப் பராமரிக்கிறது. இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இதன்படியே இறக்குமதிப் பொருள்களைப் பிரிக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் மூட்டைகளுக்குப் புலிப் பொறி குத்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்தப் பொறி ஒரு நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியானது. எச்.எஸ். இலக்கத்தின் முதல் ஆறு தானங்களோ கொழும்பிலும் தூத்துக்குடியிலும் ரோட்டர்டாமிலும் ஒன்றே.

வாவியோரத்தில் எங்கும் கிடக்கிற நைலோன் வலையை எடுத்துக்கொள்ளலாம். தைத்து முடித்த மீன்பிடி வலையின் இலக்கம் 5608.11. முதல் இரண்டு தானம், 56, அத்தியாயம்: பஞ்சு, கயிறு, வலை போன்றவை. 5608 என்பது தலைப்பு: முடிச்சிட்ட வலைகள். கடைசி 11 உபதலைப்பு: செயற்கை இழையால் ஆன, பயன்படுத்தத் தயாரான மீன்பிடி வலை. இத்துடன் உலகப் பொது இலக்கம் முடிகிறது. அதற்கப்பால் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு இரண்டு தானமோ நான்கு தானமோ சேர்த்துக்கொள்ளலாம். இலங்கையும் இந்தியாவும் எட்டுத் தானம் வைத்திருக்கின்றன. வாழைச்சேனை மீனவரின் படகில் தொங்குகிற அவுட்போர்ட் எஞ்சினுக்கு 8407.21, வாவியில் பெருகிக் கிடக்கிற திலாப்பியா மீனைக் குளிரூட்டி அனுப்பினால் 0302.71. திலாப்பியாவுக்கு இப்படித் தனி இலக்கம் கிடைத்தது 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறையளவில் அட்டவணை திருத்தப்படுகிறது. ஸ்மார்ட்போனுக்கும் ட்ரோனுக்கும் 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மொத்தம் 97 அத்தியாயங்கள். அவற்றுள் 77ஆம் அத்தியாயம் வெறுமையாக, எதிர்காலத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. உலகிலுள்ள அத்தனை பொருளும் மீதி 96க்குள் அடங்கியாக வேண்டும். அடங்காமல் முரண்டு பிடிக்கும் பொருளுக்கு ஆறு பொது விதிகள் இருக்கின்றன. எது அதிகக் குறிப்பாகச் சொல்கிறதோ அந்தத் தலைப்பே வெல்லும் என்பது ஒரு விதி. கலவைப் பொருளாயின் அதற்கு அடிப்படைத் தன்மையைத் தருவது எது என்று பார்க்கச் சொல்கிறது இன்னொன்று. அதுவும் உதவாவிட்டால், பொருந்துகிற தலைப்புகளில் எண் வரிசைப்படி கடைசியாக வருவதை எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டம் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்து, முடிவில் கடைசி எண்ணுக்கே ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

மட்டக்களப்பாருக்கு இந்த இலக்கங்களில் நெஞ்சுக்கு மிக அருகில் இருப்பது 1006. அரிசி.

உமி நீங்காத நெல் 1006.10. உமி மட்டும் நீங்கி, தவிடு அப்படியே இருக்கிற அரிசி 1006.20. தீட்டிய அரிசி, அரைகுறையாகத் தீட்டியதும் முழுக்கத் தீட்டியதும், 1006.30. குறுணல் 1006.40. உலகப் பொது இலக்கத்துக்குப் புழுங்கல் தெரியாது, பச்சை தெரியாது. நாடு, சம்பா, கீரிச் சம்பா எதுவும் தெரியாது. சோற்றுப் பானைக்குள் நாம் பார்க்கிற வேறுபாடுகள் எல்லாம் ஏழாவது, எட்டாவது தானங்களில் ஒவ்வொரு அரசும் விரும்பினால் போட்டுக்கொள்பவை. அந்தக் கடைசி இரண்டு தானங்கள் என்ன செய்யும் என்பதை 2023 இல் இந்தியா காட்டியது.

அந்த ஆண்டு ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. தடை விழுந்தது 1006 30 90 என்ற இலக்கத்தின் மீது. புழுங்கல் அரிசியின் இலக்கம் 1006 30 10, பாஸ்மதியினுடையது 1006 30 20. அவை இரண்டும் தப்பின. அடுத்து நடந்ததை யாரும் ஊகிக்கலாம். ஆகஸ்ட் 27 ஆம் திகதி இந்திய அரசே அறிக்கை விட்டுச் சொன்னது: தடைசெய்யப்பட்ட வெள்ளை அரிசியே புழுங்கல், பாஸ்மதி இலக்கங்களுக்குள் ஒளிந்து வெளியேறுகிறது. அதனால் பாஸ்மதிக்குத் தொன்னுக்கு 1,200 டொலர் என்று குறைந்தபட்ச விலை வைத்தார்கள். இரண்டு நாளுக்கு முன்பே புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதித் தீர்வை போட்டிருந்தார்கள். அரிசி மூட்டைக்குள் எதுவும் மாறவில்லை. பத்திரத்தில் இரண்டு தானம் மாறினால் போதுமாயிருந்தது.

இலங்கையில் அரிசிக்கு இரண்டு பூட்டுகள். ஒன்று, 1969 ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் அனுமதிப் பத்திரம். மற்றது 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின்படியான விசேட வியாபாரப் பண்ட அறவீடு. இந்த அறவீடு சதவீதக் கணக்கில் வராது, கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வரும். இது விதிக்கப்பட்ட பொருளுக்கு மற்ற இறக்குமதி வரிகள் கிடையாது. கணக்குப் போட எளிது. ஆனால் மலிவான அரிசிக்கும் விலையுயர்ந்த அரிசிக்கும் ஒரே தொகை என்பதால், மலிவு அரிசியின் முதுகில்தான் பாரம் அதிகம்.

2024 நவம்பர் கடைசியில் கிழக்கை வெள்ளம் தாக்கியது. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் வயல்கள் மூழ்கின. டிசம்பரில் நாடு முழுவதும் கடைகளில் அரிசித் தட்டுப்பாடு. அரசு முதல் பூட்டைத் திறந்தது: தனியார் அனுமதிப் பத்திரமின்றி அரிசி கொண்டுவர டிசம்பர் 20 வரை இடங்கொடுத்து, பிறகு ஜனவரி 10 வரை நீடித்தது. இரண்டாவது பூட்டை அப்படியே விட்டுவைத்தது. கிலோவுக்கு 65 ரூபாய். அந்தக் காலத்தில் இறக்குமதி நாட்டரிசிக்கு அரசு வைத்த உச்ச சில்லறை விலை 220 ரூபாய். உள்ளூர் நாட்டரிசிக்கு 230. அதாவது காத்தான்குடிக் கடையில் ஒருவர் ஒரு கிலோ இந்திய நாட்டரிசிக்குக் கொடுத்த பணத்தில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு, 1006 என்று தொடங்கும் இலக்கத்துக்காகத் திறைசேரிக்குப் போனது. அந்த ஒரு மாதச் சொச்சத்தில் வந்திறங்கியது சுமார் 1,67,000 மெட்ரிக் தொன். பெருக்கிப் பார்த்தால் அரசுக்குக் கிடைத்தது ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

அறவீட்டை நீக்கியிருக்கலாம் என்று நகரத்தில் அரிசி வாங்கித் தின்பவர் சொல்வார். வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரை விவசாயி ஒத்துக்கொள்ள மாட்டார். பெரும்போக அறுவடை தை மாதத்தை அடுத்துத்தான் களத்துக்கு வருகிறது. அப்போது மலிவான இந்திய அரிசி சந்தையில் குவிந்து கிடந்தால் அவருடைய நெல்லை யார் வாங்குவது? ஜனவரி 10 என்ற திகதிக்கும் 65 ரூபாய்க்கும் பின்னால் அந்தக் கேள்வியும் இருந்தது. இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதற்காகவே இந்த விடயத்தை வாவியின் இரு கரையிலும் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

வகைப்படுத்தல் ஒரு சண்டை, விகிதம் இன்னொரு சண்டை. இலக்கம் அசையாமல் நிற்கும்போதே விகிதம் ஓர் இரவில் மாறலாம். 2020 அக்டோபர் 13 அன்று சீனிக்கான அறவீடு கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. வர்த்தமானியில் ஒரு வரி, அவ்வளவுதான். கடையில் சீனி விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. அரசுக்கு 1,590 கோடி ரூபாய் வருமானம் போனதாக மதிப்பிடப்பட்டது. 2023 நவம்பரில் அறவீடு மறுபடியும் 50 ரூபாய் ஆனது. மஞ்சளின் கதை வேறு. அந்நியச் செலாவணியைச் சேமிக்கவும் உள்ளூர்ச் செய்கையை வளர்க்கவும் 0910.30க்குக் கதவை அடைத்தபோது, விலை எகிறி, இராமநாதபுரக் கரையிலிருந்து படகுகளில் மஞ்சள் மூட்டைகள் கடத்தி வரப்பட்டன.

விசேட அறவீடு இல்லாத பொருள்களுக்கு வரி அடுக்கடுக்காக ஏறும். முதலில் சுங்கத் தீர்வை. சில பொருள்களுக்கு செஸ். துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடு. வாகனம் போன்றவற்றுக்கு உற்பத்தித் தீர்வை. 2022 இலிருந்து சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு அறவீடு. இவற்றின் மேல் பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். இந்தக் கடைசி வரி பொருளின் விலைமீது மட்டும் விழுவதில்லை; முன்னே ஏறிய தீர்வையின் மீதும் விழுகிறது. கணக்கை எளிதாக்கிச் சொன்னால், 100 ரூபாய்ப் பொருளுக்கு 20 சதவீதத் தீர்வை என்றால் 18 சதவீதம் கணக்கிடப்படுவது 120 ரூபாய்க்கு. எத்தனை அடுக்கு, எவ்வளவு உயரம் என்பதை எல்லாம் அந்த எட்டுத் தானமே சொல்லிவிடும்.

இத்தனை பணம் தொங்குகிற இலக்கத்துக்காக யார்தான் வழக்காடாமல் இருப்பார்? நம் வீடுகளில் சமையலுக்கும் தலைக்கும் ஒரே தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத்தான் எடுக்கிறோம். இந்தியாவில் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. சேலம் மத்திய உற்பத்தி வரி ஆணையர் தொடுத்த வழக்கு அது: சின்னப் போத்தலில் விற்கும் சுத்தமான தேங்காய் எண்ணெய் 1513 என்ற சமையல் எண்ணெய்த் தலைப்பில் வருமா, 3305 என்ற கூந்தல் பொருள் தலைப்பில் வருமா? 2018 இல் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் முடிவு சொன்னார்கள்: கூந்தல் எண்ணெய் என்று போத்தலில் எழுதி விற்காதவரை அது சமையல் எண்ணெய்தான். தீர்ப்பு வந்தபோது சரக்கு, சேவை வரியில் ஒன்றுக்கு 5 சதவீதம், மற்றதுக்கு 18 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், 2025 செப்டம்பரில் கூந்தல் எண்ணெய்க்கும் 5 சதவீதம் என்று வரியைக் குறைத்துவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய தொகைக்கு ஒரு பிணக்கு கார்களால் எழுந்தது. ஒரு வாகனத்தைப் பிரித்துத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தாலும் அது முழு வாகனமாகவே கணக்கிடப்படும் என்கிறது பொது விதிகளில் இரண்டாவது. 2024 செப்டம்பரில் இந்தியச் சுங்கம் வோக்ஸ்வாகன் நிறுவனத்துக்கு 140 கோடி டொலர் கேட்டு அறிவித்தல் அனுப்பியது. ஏறக்குறைய முழுக் கார்களையே பிரித்துக் கொண்டுவந்து, தனித்தனி உதிரிப் பாகங்கள் என்று குறைந்த தீர்வை கட்டினார்கள் என்பது சுங்கத்தின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்து நீதிமன்றம் போனது.

வோக்ஸ்வாகனுக்கு வழக்கறிஞர் படை இருக்கிறது. ஏறாவூரிலோ களுவாஞ்சிகுடியிலோ வலையும் எஞ்சின் உதிரிப் பாகமும் தருவித்து விற்கிற சிறு வியாபாரிக்கு அது கிடையாது. வார்ஃப் கிளார்க் போட்டுத் தருகிற இலக்கத்துக்குக் கையெழுத்து வைக்கிறவர் அவர். தவறு வந்தால் பொறுப்பும் அவருடையதே. பொருளை வரவழைக்க முன்பே அதன் இலக்கம் இன்னதென்று சுங்கத்திடமிருந்து எழுத்தில் முன்தீர்ப்பு பெறும் வழி உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையில் இருக்கிறது. இலங்கை அதை 2016 இல் ஏற்றுக்கொண்டது. தீர்வை அட்டவணை முழுவதையும் இலங்கைச் சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். புதிய வர்த்தமானி வந்தது என்று செய்தி கேட்டால், தலைப்பைப் படித்ததோடு நின்றுவிடாமல் அட்டவணையில் தங்கள் பொருளின் இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். நெல் விதைப்பவரும் வலை வாங்குபவரும் முதலில் பார்க்க வேண்டியவை 1006, 5608.